அலைவுத் தொகையீட்டுச் செயலிகள்: லாம்டாவின் பாதி அடுக்கு எங்கிருந்து வருகிறது?

வியாசை மாணவி

வணக்கம். வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். முதுகலை கணிதம் இரண்டாம் ஆண்டு. விருப்பப் பாடமாக ஒத்திசைப் பகுப்பாய்வை எடுத்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் இதை எடுத்தவர்கள் மிகக் குறைவு. கூடப் படித்து விவாதிக்க ஆள் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன். இந்தத் தளத்தில் குறியீடுகள் சிதைந்துவிடுவதால் சொற்களிலேயே எழுதுகிறேன்.

செயலி டி இப்படி அமைகிறது: எஃப்(ஒய்) என்ற சார்பை எடுத்து, அதை இ-யின் அடுக்கு ஐ·லாம்டா·ஃபை(எக்ஸ், ஒய்) என்பதால் பெருக்கி, ஒரு சிறு பெட்டிக்கு வெளியே சுழியாகும் வழவழப்பான வெட்டுச்சார்பாலும் பெருக்கி, ஒய்-யைப் பொறுத்துத் தொகையிட வேண்டும். விடை எக்ஸின் சார்பு. ஃபை வழவழப்பான மெய்ச் சார்பு, லாம்டா மிகப் பெரிய எண்.

ஹோர்மாண்டர் 1973-இல் நிறுவிய தேற்றம் இது: என் பரிமாணங்களில், ஃபையின் கலப்பு இரண்டாம் வகைக்கெழுக்களால் ஆன அணியின் அணிக்கோவை அந்தப் பெட்டியில் எங்கும் சுழியாகாவிட்டால், எல்-2 வெளியில் (வர்க்கத்தின் தொகையீடு முடிவுள்ள சார்புகளின் வெளி) டி-யின் நெறிமம் (ஒரு சார்பின் அளவை டி அதிகபட்சம் எத்தனை மடங்காக்கும் என்ற எண்) ஒரு மாறிலி பெருக்கல் லாம்டா^(−என்/2) என்பதைத் தாண்டாது.

நிரூபணத்தை வரிவரியாகப் பின்தொடர முடிகிறது. ஆனால் மனத்தில் தங்கவில்லை. தொகையீட்டுக்குள் தனிமதிப்பு போட்டால் லாம்டாவே மறைந்துவிடுகிறது, வெறும் மாறிலிதான் மிஞ்சுகிறது. பிறகு அந்தப் பாதி எங்கிருந்து முளைக்கிறது? ஏன் கலப்பு வகைக்கெழு மட்டும் பேசப்படுகிறது?

துறைமுகத் தெரு

இது வான் டெர் கோர்புட் துணைத்தேற்றம்தானே, தங்கையே? 1921-லிருந்து இருப்பது. எக்ஸை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒய்-யில் இரண்டாம் வகைக்கெழு 1-க்குக் குறையாவிட்டால் தொகையீடு 8·லாம்டா^(−1/2)-ஐத் தாண்டாது. பொதுவாக கே-ஆவது வகைக்கெழுவுக்கு லாம்டா^(−1/கே). ஸ்டைனின் ஒத்திசைப் பகுப்பாய்வு நூலில் மாறிலிகூட வெளிப்படையாக இருக்கிறது: 5·2^(கே−1) − 2. இடைவெளி எவ்வளவு நீளமானாலும் மாறிலி மாறாது என்பதுதான் அதன் அழகு. ஒரு பரிமாணத்தில் உங்கள் பாதி அடுக்கு அங்கிருந்து வருகிறது.

பழைய வண்ணை

இல்லை. இதை அழுத்தமாக மறுக்கிறேன். மாணவர்கள் தடம் மாறிப் போகும் இடம் இதுதான், வகுப்பறையில் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.

இரண்டு ஃபைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது எக்ஸ்·ஒய். ஒய்-யில் இதன் இரண்டாம் வகைக்கெழு சுழி, ஆனால் நெறிமம் லாம்டா^(−1/2). இரண்டாவது ஒய்-யின் வர்க்கம். இதன் இரண்டாம் வகைக்கெழு 2, ஆனால் நெறிமம் லாம்டாவோடு துளிகூடக் குறைவதில்லை. ஏனென்றால் இ-யின் அடுக்கு ஐ·லாம்டா·ஒய்² என்பதை எஃப்புக்குள்ளேயே விழுங்கிவிடலாம். எஃப்பின் எல்-2 நெறிமம் அப்படியேதான் இருக்கும். ஆகவே ஒய்-யில் மட்டும் பார்க்கும் வகைக்கெழு இந்தக் கேள்விக்குச் சாட்சியே அல்ல. எக்ஸ் மட்டும் உள்ள உறுப்பும், ஒய் மட்டும் உள்ள உறுப்பும் நெறிமத்தைத் தொடுவதில்லை. அவற்றைத் துடைத்தபின் மிஞ்சுவதைக் காட்டுவது கலப்பு வகைக்கெழு. அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

இனி முதல் கேள்வி. வான் டெர் கோர்புட்டில் எஃப் வழவழப்பாக இருக்க வேண்டும், வகையிட வேண்டும். செயலி நெறிமத்திலோ எஃப் எதுவாகவும் இருக்கலாம்; நமக்கு எதிராகவே தேர்ந்தெடுக்கப்படலாம். எக்ஸ்-நாட் என்று ஒரு புள்ளியை நிலையாக எடுத்து, எஃப்(ஒய்) = இ-யின் அடுக்கு −ஐ·லாம்டா·ஃபை(எக்ஸ்-நாட், ஒய்) என்று வையுங்கள். எக்ஸ்-நாட்டில் அலைவு முழுவதும் அழிந்துபோகும். டிஎஃப்பின் மதிப்பு அங்கே 1 என்ற அளவில் நிற்கும். அந்தப் புள்ளியில் எந்தக் குறைவும் கிடையாது!

ஆனால் எஃப் அந்த ஓரிடத்தைத்தான் ஏமாற்ற முடியும். எக்ஸ்-நாட்டிலிருந்து 1/லாம்டா தொலைவுக்கு மேல் விலகினால், கலப்பு வகைக்கெழு சுழியாகாததால், அலைவு திரும்ப வந்துவிடும். ஏமாற்றம் பலிக்கும் பகுதியின் கன அளவு லாம்டா^(−என்). எல்-2 நெறிமம் அதன் வர்க்கமூலத்தை எடுக்கிறது: லாம்டா^(−என்/2). பாதி இங்கேதான் பிறக்கிறது. பல எக்ஸ்களை ஒரே எஃப்பால் ஒருசேர ஏமாற்ற முடியாது என்பதே இந்தத் தேற்றத்தின் உள்ளடக்கம்.

டி-டி ஸ்டார் முறை இதையே கணக்காக்குகிறது. டி-யின் நெறிம வர்க்கம், டி-யையும் அதன் இணைச்செயலியையும் (டி ஸ்டார்) பெருக்கிய செயலியின் நெறிமத்துக்குச் சமம். அந்தப் பெருக்கத்தில் எஃப் காணாமல் போய்விடுகிறது. மிஞ்சும் கெர்னல் (தொகையீட்டுக்குள் சார்பைப் பெருக்கும் காரணி) எக்ஸ், இஸட் என்ற இரு புள்ளிகளைச் சார்ந்தது. அதற்குள் ஃபை(எக்ஸ், ஒய்) − ஃபை(இஸட், ஒய்) என்ற வித்தியாசம் அலைகிறது. ஒய்-யில் இதன் சாய்வு, எக்ஸுக்கும் இஸட்டுக்கும் உள்ள தொலைவுக்கு ஒப்பானது (வெட்டுப்பெட்டி போதுமான அளவு சிறியதாக இருந்தால்). இப்போது எல்லாமே வழவழப்பானவை. தயக்கமின்றிப் பகுதி பகுதியாகத் தொகையிடலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்; கெர்னல் (1 + லாம்டா·தொலைவு)-இன் எந்த எதிர்மறை அடுக்கையும் விட வேகமாகத் தேயும். அதை இஸட்டில் தொகையிட்டால் லாம்டா^(−என்). ஷூர் சோதனைப்படி (கெர்னலின் தனிமதிப்பை ஒவ்வொரு மாறியிலும் தொகையிட்டு நெறிமத்தை அளக்கும் வழி) டி-டி ஸ்டாரின் நெறிமம் லாம்டா^(−என்), டி-யின் நெறிமம் அதன் வர்க்கமூலம்.

தனிமதிப்பு போடுவது தவறல்ல. எப்போது போடுகிறோம் என்பதுதான் கேள்வி. எஃப் இருக்கும்போதே போட்டால் எல்லாம் போயிற்று. எஃப்பை வெளியேற்றி, அலைவைப் பயன்படுத்தி முடித்தபின் போட்டால் ஒன்றும் இழப்பதில்லை.

துறைமுகத் தெரு

ஒய்² உதாரணம் தெளிவாக இருக்கிறது, ஐயா. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: அந்த வித்தியாசத்தின் மேல் நீங்கள் செய்வது வான் டெர் கோர்புட்டின் கே = 1 நிலைதான். ஆகவே அவர் வீட்டை விட்டுப் போகவில்லை, அறை மாறியிருக்கிறார்.

பழைய வண்ணை

ஒப்புக்கொள்கிறேன். அறை மாறியதுதான் 1973-இன் சாதனை.

வியாசை மாணவி

ஐயா, 'எஃப் ஓர் எக்ஸை ஏமாற்றலாம்' என்ற வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நேற்று மாலை கொளத்தூர் படைப்பகத்தில் உட்கார்ந்து எக்ஸ்·ஒய்-க்குக் கீழ்வரம்பும் போட்டுப் பார்த்தேன். எஃப்பை லாம்டா^(−1/2) அகலத்தில் 1 என்றும் வெளியே 0 என்றும் எடுத்தால், எக்ஸும் அதே அகலத்துக்குள் இருக்கும்வரை அலைவே இல்லை. விகிதம் சரியாக லாம்டா^(−1/2) வருகிறது. ஆகவே தேற்றத்தை இதற்கு மேல் இறுக்க முடியாது.

அடுத்த சந்தேகம். கலப்பு வகைக்கெழு சில இடங்களில் சுழியானால்? ஒரு பரிமாணத்தில் இரண்டு உதாரணங்கள் எடுத்தேன்: (எக்ஸ்−ஒய்)³, மற்றது எக்ஸ்²·ஒய். முதலாவதன் கலப்பு வகைக்கெழு −6(எக்ஸ்−ஒய்), இரண்டாவதன் கலப்பு வகைக்கெழு 2எக்ஸ். இரண்டுமே ஒரு கோட்டின் மேல் முதல்படியாகச் சுழியாகின்றன. அப்படியானால் இரண்டுக்கும் ஒரே அடுக்குதானா?

எண்ணூர் ரயில்

இல்லை, இங்கேதான் விஷயம் சுவையாகிறது! எண்ணூரிலிருந்து தரமணிக்குப் போய்வரும் ஆய்வு மாணவன் நான். இந்த இரு உதாரணங்களோடு நிறைய நாள் கழித்திருக்கிறேன். முதலாவதுக்கு லாம்டா^(−1/3). இரண்டாவதுக்கு லாம்டா^(−1/4). சுழியாகும் படி ஒன்றே. சுழிக்கோடு போகும் திசை வேறு.

கணக்கு இப்படிப் போகும். கலப்பு வகைக்கெழுவின் அளவு டெல்டாவுக்கும் 2 டெல்டாவுக்கும் இடையில் இருக்கும் பட்டையை மட்டும் வெட்டி எடுங்கள். டெல்டாவை ஒவ்வொரு முறையும் பாதியாக்கிக்கொண்டே போனால் பெட்டி முழுவதும் பட்டைகளாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு பட்டையிலும் நம் கையில் இரண்டு மதிப்பீடுகள் உண்டு.

அலைவு மதிப்பீடு: டி-டி ஸ்டார் முறையே தருவது, (லாம்டா·டெல்டா)^(−1/2). டெல்டா சிறுத்தால் இது கெடும்.

அளவு மதிப்பீடு: அலைவை மறந்துவிட்டு ஷூர் சோதனை மட்டும். எக்ஸை நிறுத்தினால் ஒய் எவ்வளவு நீளம் ஓடலாம், ஒய்-யை நிறுத்தினால் எக்ஸ் எவ்வளவு நீளம் ஓடலாம், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம். டெல்டா சிறுத்தால் இது நன்றாகும்.

(எக்ஸ்−ஒய்)³-க்குப் பட்டை மூலைவிட்டத்தை ஒட்டிச் சாய்ந்து கிடக்கிறது. எந்தப் பக்கம் வெட்டினாலும் நீளம் டெல்டா. அளவு மதிப்பீடு டெல்டா. இரண்டையும் சமன்செய்தால் டெல்டா = லாம்டா^(−1/3), நெறிமமும் அதுவே.

எக்ஸ்²·ஒய்-க்குப் பட்டை ஒய்-அச்சை ஒட்டி நிமிர்ந்து நிற்கிறது. ஒய்-யை நிறுத்தினால் எக்ஸின் நீளம் டெல்டா. எக்ஸை நிறுத்தினால் ஒய் பெட்டி முழுவதும் ஓடுகிறது. அளவு மதிப்பீடு டெல்டா^(1/2) மட்டுமே. சமன்செய்தால் டெல்டா = லாம்டா^(−1/2), நெறிமம் லாம்டா^(−1/4).

சமன் புள்ளிக்கு இருபுறமும் உள்ள பட்டைகளின் மதிப்பீடுகள் பெருக்குத்தொடராகத் தேய்வதால், கூட்டினாலும் மடக்கை எதுவும் ஒட்டிக்கொள்ளாது.

துறைமுகத் தெரு

நில்லுங்கள். பட்டையை வெட்டும் சார்பு டெல்டா அகலத்தில் ஏறி இறங்குகிறது. அதை ஒருமுறை வகையிட்டால் 1/டெல்டா தண்டம் கட்ட வேண்டும். பகுதி பகுதியாகத் தொகையிடும்போது அந்தத் தண்டம் எங்கே போகிறது? (லாம்டா·டெல்டா)^(−1/2) என்று இலகுவாகச் சொல்லிவிட்டீர்கள்.

எண்ணூர் ரயில்

கேட்க வேண்டிய கேள்வி, அண்ணா. (எக்ஸ்−ஒய்)³-ஐ வைத்தே பார்ப்போம். தண்டம் உண்மைதான்: ஒவ்வொரு தொகையிடலும் 1/(லாம்டா·டெல்டா·தொலைவு) தருகிறது, கூடவே 1/டெல்டாவும் வருகிறது. ஆகவே கெர்னல் தேயத் தொடங்கும் தொலைவு 1/(லாம்டா·டெல்டா²). ஆனால் அதே பட்டையில் ஒய் ஓடும் நீளமும் டெல்டா மட்டுமே, அதனால் கெர்னலின் உயரம் டெல்டா. உயரத்தையும் தொலைவையும் பெருக்குங்கள்: 1/(லாம்டா·டெல்டா). தண்டமும் சலுகையும் சரிக்குச் சரி. வர்க்கமூலம் எடுத்தால் நான் சொன்னது வந்துவிடும். எக்ஸ்²·ஒய்-யில் தண்டம் ஒய்-யில் இல்லவே இல்லை, ஏனென்றால் வெட்டுச்சார்பு எக்ஸை மட்டும் சார்ந்தது.

ஃபோங்கும் ஸ்டைனும் 1990-களில் எழுதிய கட்டுரைகளின் முதுகெலும்பு இந்தச் சமன்பாடு. பெரிய கருவி எதுவும் இல்லாமல், வெட்டுவதிலும் எடைபோடுவதிலுமே அவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

காசிமேட்டுக் கரை

இளங்கலையில் கணிதம் படித்தவன், இப்போது குடும்பத் தொழிலில் இருக்கிறேன். 1/2, 1/3 என்று இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் விசைப்படகு துறைமுகத்தை விட்டு வெளியேறி ஆழத்துக்கு வந்தபின், பின்னால் விரியும் அலைத்தடத்தில் ஓரங்கள் மட்டும் எடுப்பாகத் தெரியும், உள்ளே உள்ள அலைகள் சீக்கிரம் அடங்கிவிடும். கெல்வின் 1887-இல் இதைக் கணக்கிட்டபோது இத்தகைய அலைவுத் தொகையீட்டைத்தான் பயன்படுத்தினார் என்று படித்திருக்கிறேன். அலை தேயும் அடுக்கு ஓரத்தில் 1/3, உள்ளே 1/2 என்பது இந்த இழையில் பேசும் அதே எண்களா, அல்லது தற்செயலா?

பழைய வண்ணை

தற்செயல் இல்லை, தம்பி. ஆழமான நீரில் அந்தத் தடத்தின் அரைக்கோணம் ஏறத்தாழ 19.47 பாகை; சைன் மதிப்பு 1/3. படகின் வேகம் எதுவானாலும் கோணம் மாறாது. தடத்தின் உள்ளே ஒவ்வோர் இடத்திலும் ஃபையின் முதல் வகைக்கெழு சுழியாகும் புள்ளிகள் இரண்டு தனித்தனியாக இருக்கின்றன. அலையின் உயரம் தொலைவின் −1/2 அடுக்கில் குறைகிறது. ஓரத்துக்கு வரும்போது அவ்விரு புள்ளிகளும் ஒன்றாகிவிடுகின்றன, இரண்டாம் வகைக்கெழுவும் சுழியாகிறது. மூன்றாம் வகைக்கெழுதான் தாங்குகிறது. அதனால் −1/3 அடுக்கு. மெதுவாகக் குறைவதால் ஓரம் எடுப்பாகத் தெரிகிறது.

நம் (எக்ஸ்−ஒய்)³ செயலியோடு உள்ள உறவு நேரடியானது. வெட்டுச்சார்பும் எக்ஸ்−ஒய் வித்தியாசத்தை மட்டுமே சார்ந்திருந்தால் அது சுருள்வுச் செயலி. அதன் எல்-2 நெறிமம், கெர்னலின் ஃபூரியர் உருமாற்றத்தின் உச்ச மதிப்பு. மூன்றாம் படி அலைவின் ஃபூரியர் உருமாற்றம் ஏரிச் சார்பு (ஏரி (Airy) என்பவர் பெயரால் வழங்குவது). அந்த ஏரிச் சார்புதான் கெல்வின் தடத்தின் ஓரத்திலும் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எக்ஸ்²·ஒய்-யின் 1/4-ஐப் படகின் பின்னால் தேடாதீர்கள். அது எஃப்பை நமக்கு எதிராகத் தேர்ந்தெடுக்க விட்டதால் வந்த எண். ஒரே ஒரு தொகையீட்டின் மதிப்பில் அது தெரியாது.

இனி பொது விதி. ஃபையை எக்ஸ், ஒய் அடுக்குகளின் தொடராக விரியுங்கள். எக்ஸ் மட்டும், ஒய் மட்டும் உள்ள உறுப்புகளை நீக்குங்கள். மிஞ்சிய ஒவ்வொரு உறுப்புக்கும் அதன் இரண்டு அடுக்குகளையும் ஆயங்களாக வைத்துத் தாளில் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வலப்பக்கமும் மேற்பக்கமும் உள்ள பகுதியை நிரப்பி, எல்லாவற்றுக்கும் குவி உறை போட்டால் நியூட்டன் பலகோணம். மூலைவிட்டம் அதன் எல்லையை (எம், எம்) என்ற இடத்தில் தொட்டால், போதிய அளவு சிறிய பெட்டியில் நெறிமம் லாம்டா^(−1/(2எம்)). ஃபை மெய்ப்பகுப்புச் சார்பாக இருக்கும்போது ஃபோங்–ஸ்டைன் 1997-இல் நிறுவியது இது. பிறகு ரிச்கோவும் கிரீன்பிளாட்டும் வழவழப்பான ஃபைகளுக்கு நீட்டினார்கள். (எக்ஸ்−ஒய்)³-க்கு எம் = 3/2; எக்ஸ்²·ஒய்-க்கு எம் = 2. மேலே வந்த இரண்டு விடைகளும் கிடைக்கின்றனவா என்று பாருங்கள்.

வியாசை மாணவி

கிடைக்கின்றன, ஐயா. ஒரு கிளைக் கேள்வி: எல்-2 இல்லாமல் எல்-க்யூ வெளிகளுக்கு (வர்க்கத்துக்குப் பதில் க்யூ-ஆம் அடுக்கு) போனால் என்ன ஆகும்? ஹோர்மாண்டரின் அதே கட்டுரையில் எக்ஸுக்கு என் பரிமாணம், ஒய்-க்கு என்−1 பரிமாணம் என்று ஒரு பகுதி இருக்கிறதாமே.

எண்ணூர் ரயில்

அது வேறு உலகம். டி-டி ஸ்டார் அங்கே பாதி வழிவரைதான் கொண்டுபோகும்.

ஒய் ஒரு பரிமாணம் குறைவாக இருக்கும்போது, வளைவு நிபந்தனையும் சேர்த்தால், க்யூ 2என்/(என்−1)-ஐத் தாண்டியதும் நெறிமம் லாம்டா^(−என்/க்யூ) ஆகுமா என்பது ஹோர்மாண்டரின் கேள்வி. இரண்டு பரிமாணத்தில் ஆம். கார்லசன்–ஷோலின் 1972-லேயே அதன் சாரத்தைக் காட்டியிருந்தார்கள். ஸ்டைன் 1986-இல் எல்லாப் பரிமாணங்களுக்கும் 2(என்+1)/(என்−1)-லிருந்து மேலே நிறுவினார். மூன்று பரிமாணத்தில் அது 4. கேள்வி கேட்டதோ 3 வரை. இடைவெளி நிரம்பும் என்று பலரும் நம்பியிருந்த நிலையில், பூர்கேன் 1991-இல் 4-க்குக் கீழே போகவே முடியாத ஒரு ஃபையைக் கட்டிக் காட்டினார்.

காரணம் வடிவியல். டிஎஃப்பை அலைப்பொட்டலங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய குழாயில் ஓடும். ஃபை பரவளையப் பரப்பின் ஃபையாக இருந்தால் குழாய்கள் நேரானவை. பொதுவான ஃபைக்கு அவை வளைந்தவை. எல்லாம் சேர்ந்து ஒரு பரப்பின் அருகே ஒடுங்கிவிடலாம். அங்கே டிஎஃப் குவிந்து எல்-க்யூ நெறிமம் பெருத்துவிடுகிறது. வளைவு ஒரே குறியுடையதாக இருந்தால் நிலைமை சற்று மேல்: கூத், ஹிக்மன், இலியோபூலூ 2019-இல் எல்லாப் பரிமாணங்களுக்கும் எல்லையை முடித்துவைத்தார்கள்; மூன்று பரிமாணத்தில் அது 10/3. நேர்க்குழாய்களுக்கு 3 வரை போகலாமா என்பது இன்னும் திறந்தே இருக்கிறது. ஹாங் வாங்கும் ஜோஷுவா ஸாலும் 2025-இல் வெளியிட்ட முப்பரிமாணக் கக்கேயா நிரூபணம் (எல்லாத் திசைகளிலும் கோட்டுத்துண்டு கொண்ட கணம் எவ்வளவு சிறியதாகலாம் என்பது பற்றியது) அந்தக் கேள்வியின் அருகில் நிற்கிறது, ஆனால் அதைத் தானே முடித்துவைக்காது.

இதற்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே தொடர்ந்தால் எல்-2 நீர்த்துப்போகும்.

பழைய வண்ணை

அதுவே சரி. அம்மா, நீங்கள் எல்-2-ஐ விட்டு நகரும் முன் ஒரு கணக்கு: ஃபை = எக்ஸ்²·ஒய் + எக்ஸ்·ஒய்³. பலகோணத்தைத் தொடாமல், பட்டை வெட்டி விடை சொல்லுங்கள்.

வியாசை மாணவி

ஐயா, முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

கலப்பு வகைக்கெழு 2எக்ஸ் + 3ஒய்². சுழியாகும் இடம் ஒரு பரவளையம். மையத்தில் அது ஒய்-அச்சைத் தொட்டுக்கொண்டு போகிறது. நிமிர்ந்த கோடும் இல்லை, சாய்ந்த கோடும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். டெல்டா பட்டையில் ஒய்-யை நிறுத்தினால் எக்ஸின் நீளம் டெல்டா. எக்ஸை நிறுத்தினால் ஒய்-யின் நீளம் அதிகபட்சம் டெல்டா^(1/2). ஷூர் சோதனை தருவது டெல்டா^(3/4).

அலைவு மதிப்பீட்டுக்கு வரிசையை மாற்றினேன். இங்கே ஒய்-யில் தொகையிட்டால் பட்டையின் அகலம் இடத்துக்கு இடம் மாறுகிறது. எக்ஸில் தொகையிட்டால் நீளம் எங்கும் டெல்டாதான். ஆகவே டி-டி ஸ்டாருக்குப் பதில் டி-ஸ்டார் டி. இரண்டு ஒய்களுக்கு இடையே கலப்பு வகைக்கெழு டெல்டா அளவை விட்டு நழுவாமல் இருக்க, ஒய் நேர்குறியாக உள்ள பகுதியையும் எதிர்குறியாக உள்ள பகுதியையும் முன்பே பிரித்துக்கொண்டேன். பிறகு எண்ணூர் அண்ணா சொன்ன தண்டமும் சலுகையும் அப்படியே சரிக்கட்டிக்கொள்கின்றன: (லாம்டா·டெல்டா)^(−1/2).

சமன்செய்தால் டெல்டா = லாம்டா^(−2/5), நெறிமம் லாம்டா^(−3/10)-ஐத் தாண்டாது.

கீழ்வரம்பு: எஃப்பை லாம்டா^(−1/5) அகலமுள்ள இடைவெளியில் 1 என்று (அகலத்தில் ஒரு சிறு மாறிலியோடு) எடுத்தேன். எக்ஸ் லாம்டா^(−2/5)-க்குள் இருக்கும்வரை எக்ஸ்²·ஒய், எக்ஸ்·ஒய்³ இரண்டுமே 1/லாம்டா அளவைத் தாண்டுவதில்லை. ஆகவே அலைவு தொடங்கவில்லை. டிஎஃப் லாம்டா^(−1/5) அளவில் நிற்கிறது. அதன் எல்-2 நெறிமம் லாம்டா^(−2/5), எஃப்பின் நெறிமம் லாம்டா^(−1/10). விகிதம் லாம்டா^(−3/10). மேலும் கீழும் ஒன்றே.

பழைய வண்ணை

சரி. பலகோணத்தில் (2, 1), (1, 3) என்ற இரு புள்ளிகளையும் இணைக்கும் கோடு மூலைவிட்டத்தை (5/3, 5/3)-இல் வெட்டுகிறது. அதுவும் 3/10 என்றே சொல்கிறது. ஒய்-யின் குறியைப் பிரித்ததைக் கவனித்துச் செய்திருக்கிறீர்கள், அது இல்லாவிட்டால் நிரூபணம் நிற்காது. எக்ஸ்·ஒய்³-ஐச் சேர்த்ததால் 1/4 என்பது 3/10 ஆக உயர்ந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை பழைய வண்ணாரப்பேட்டையில் நான் எடுக்கும் மொட்டைமாடி வகுப்புக்கு வாருங்கள். ஃபோங்–ஸ்டைன் கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து படிக்கலாம். எண்ணூர்த் தம்பியும் வந்தால் எல்-க்யூவை அங்கேயே தொடங்கிவிடலாம்.

எண்ணூர் ரயில்

வருகிறேன், ஐயா. பூர்கேனின் உதாரணத்தை எடுத்து வருகிறேன். பலகையில் வரைந்து காட்டினால்தான் அந்தப் பரப்பு கண்ணுக்குத் தெரியும்.